ஹார்ட்ஸ்டாப்பர்: ரக்பி சுமார், ரக்பி ஆடுற பையன் சூப்பர்

அக்கா பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதிட்டு லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப பையில துணிய விட புக்குதான் ஜாஸ்தியா இருந்துச்சு, அதுல ஒண்ண எடுத்து என் மடியில போட்டு "மாமா நீங்கதான் ஸ்கூல்ல பெரிய பிளேயர்னு அம்மா சொல்லுவாங்கல்ல, இத படிங்க, இதுல ஒருத்தன் ரக்பி பிளேயர்"னு சொல்லிட்டு போயிட்டா. அட்டைய பார்த்தா ஹார்ட்ஸ்டாப்பர்னு பேரு, ரெண்டு பசங்க, உள்ள முழுக்க படம். காமிக்ஸா, சரி அரை மணி நேரத்துல முடிச்சுரலாம்னு சாயங்காலம் காபியோட உக்காந்தேன், முதல் பாகம் முடிஞ்சப்ப காபி ஆறி ஆடை கட்டியிருந்துச்சு. ரெண்டாவது பாகம் அவ கொண்டு வரல. அந்த கடுப்புலதான் மீதிய ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன், அந்த கூத்த கடைசில சொல்றேன்.

நான் கோவில்பட்டில ஹாக்கி ஆடி வளர்ந்தவன். பெரிய பிளேயர்லாம் இல்ல, அக்கா சும்மா அடிச்சு விடுறா, ஸ்கூல் டீம்ல லெஃப்ட் பேக், அவ்வளவுதான். ஆனா எங்க ஊர்ல ஹாக்கி டீம்ல இருந்தா தெருவுல ஒரு மரியாதை உண்டு, ஸ்டிக்க தோள்ல மாட்டிக்கிட்டு சைக்கிள்ல போனா டீக்கடையில "மேட்ச் என்னாச்சு தம்பி"னு கேப்பாங்க. இந்த கதையில வர்ற நிக் நெல்சனுக்கு இருக்குறதும் அந்த மாதிரி ஒரு மரியாதைதான். அவன் ஸ்கூல் ரக்பி டீமோட ஸ்டார், எல்லாருக்கும் புடிச்ச பையன், பதினாறு வயசு. அந்த பையனுக்கு பக்கத்து சீட்டு பையன் சார்லி மேல மனசு போகுது, அதுக்கு அப்புறம் அந்த மரியாதை என்ன ஆகும்ங்குறதுதான் அவனோட பயம். எனக்கு அந்த பயம் நல்லா புரிஞ்சுது, ஏன்னா அந்த மரியாதை எவ்வளவு லேசுல போகும்னு நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

கதை இங்கிலாந்துல நடக்குது. எழுதி வரைஞ்சது ரெண்டுமே ஆலிஸ் ஓஸ்மான். அவங்க 1994ல பொறந்தவங்க, கென்ட் பக்கம் வளர்ந்தவங்க, பதினேழு வயசுலயே முதல் நாவலுக்கு பதிப்பகத்துல கையெழுத்து போட்டாங்க, அது 2014ல ஸாலிடேர்ங்குற பேர்ல வந்துச்சு. அந்த நாவல்ல சும்மா ஓரமா வந்துட்டு போற, கதாநாயகியோட தம்பியும் அந்த தம்பியோட காதலனும்தான் இந்த சார்லியும் நிக்கும். ஓரத்துல நின்ன ரெண்டு பேர விட முடியாம 2016ல இருந்து இணையத்துல பக்கம் பக்கமா வரைஞ்சு போட ஆரம்பிச்சு, 2018ல வாசகர்கள்கிட்டயே காசு திரட்டி முதல் பாகத்த சொந்தமா அச்சடிச்சு, அப்புறம் 2019ல பெரிய பதிப்பகம் வாங்கி போட்டுச்சு. ஓஸ்மானுக்கு இங்கிலீஷ்ல எந்த பிரதிப்பெயர் போடணும்னு அங்க எழுதுறவங்க யோசிச்சு யோசிச்சு போடுறாங்க, நமக்கு அந்த கவலையே இல்ல, அவங்கன்னு சொன்னா முடிஞ்சுது. தமிழ் இந்த ஒரு விஷயத்துல ரொம்ப சொகுசு.

கதை என்னன்னா, ட்ரூஹாம்னு ஒரு ஆம்பள பசங்க மட்டும் படிக்குற கிராமர் ஸ்கூல் (பரீட்சை வச்சு பசங்கள சேர்க்குற ஸ்கூல், இது கற்பனைதான்). அங்க காலைல அட்டெண்டன்ஸ் எடுக்குற வகுப்புல சீனியர் ஜூனியர் எல்லாரையும் கலந்து உக்கார வைக்குறாங்க, அதுல பத்தாவது படிக்குற சார்லி பக்கத்துல பதினொண்ணாவது படிக்குற நிக் வந்து உக்கார்றான். சார்லி கே, அதாவது ஆம்பள பசங்க மேல ஈர்ப்பு உள்ளவன்னு ஸ்கூலுக்கே தெரியும், அவனா சொல்லல, போன வருஷம் விஷயம் வெளிய கசிஞ்சு, எல்லாரும் சேர்ந்து அவன நாறடிச்சு, அப்புறம்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு. நிக்குக்கு தன்ன பத்தி எதுவுமே தெரியாது. சார்லி ஓடுற வேகத்த பார்த்துட்டு நிக்தான் அவன ரக்பி டீமுக்கு கூப்பிடுறான். அவன் வந்து நிக்கும்போது டீம்ல சில பேரு மூஞ்சி போற போக்கு இருக்கே, இவனா, இவன் எப்படிடா ஆடுவான், அப்படின்னு. அந்த இடத்துல நான் புக்க மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

எங்க டீம்ல ரைட் அவுட் ஆடுன பையன் ஒருத்தன் இருந்தான். பால எடுத்துட்டு லைன் ஓரமா போனான்னா பின்னாடி தூசிதான் தெரியும். நடை கொஞ்சம் ஒரு மாதிரி, பேச்சும் மெல்லிசா இருக்கும், அதுக்கு ஒரு பட்டப்பேரு வச்சிருந்தோம், அத இங்க எழுத எனக்கு கை வரல. கோச்சே அந்த பேர்லதான் கூப்பிடுவாரு. நானும் கூப்பிட்டிருக்கேன், கோல் போட்டப்ப கட்டிப் புடிச்சுக்கிட்டே கூப்பிட்டிருக்கேன். பதினொண்ணாவதுல ஒரு நாள் ஸ்டிக்க கொண்டு வந்து ஸ்டோர் ரூம்ல வச்சுட்டு போனவன்தான், அப்புறம் கிரவுண்டுக்கே வரல, படிப்பு கஷ்டம்னு சொன்னான். அவன் யாரு எப்படின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, நான் கேட்டதும் இல்ல. சரி விடுங்க, புக்குக்கு வர்றேன்.

இந்த புக்குல வசனம் ரொம்ப கம்மி. மொத்தத்தையும் பார்வைலயும் இடைவெளிலயும் நகர்த்துறாங்க. ஆரம்பத்துல சில பக்கத்துக்கு ரெண்டு பேரும் பேசிக்குறது வெறும் ஹாய் மட்டும்தான். வராண்டால பார்த்தா ஹாய், வகுப்புல ஹாய், ஒவ்வொரு தடவையும் மூஞ்சில ஒரு மில்லிமீட்டர் மாத்தம். ஒரு கட்டத்துல நிக்கோட பேனா லீக் ஆகி கையெல்லாம் மசி, அதுதான் பெரிய சம்பவம். நம்ம ஆளுங்க பஸ்ல தினமும் ஒரே ஸ்டாப்ல ஏறுற பொண்ண ஆறு மாசம் பார்த்துட்டு ஏழாவது மாசம் சில்லறை இருக்கான்னு கேப்பாங்கல்ல, அந்த வேகம்தான். எனக்கு அது சலிக்கல. உங்களுக்கு பக்கத்துக்கு நாலு சண்டை வேணும்னா இது உங்களுக்கான புக்கு இல்ல.

எனக்கு ரொம்ப புடிச்ச பக்கம் ஒண்ணு. நிக் வீட்டு சோபாவுல சார்லி தூங்கிட்டு இருக்கான், கை பக்கத்துல கிடக்கு. நிக் தன் கைய கொண்டு போறான். தொடல. கைக்கும் கைக்கும் நடுவுல அந்த சின்ன இடைவெளில பொறி பறக்குற மாதிரி வரைஞ்சிருக்காங்க, வெல்டிங் பட்டறைல பறக்குமே அது மாதிரி. வசனமே இல்ல. இந்த பையன் மைதானத்துல எதிர் டீம்காரன இடுப்ப புடிச்சு தூக்கி மண்ணுல போடுறவன், தினமும் நாப்பது ஐம்பது தடவ ஆம்பள பசங்க மேல விழுந்து எழுந்திரிக்குறவன், அவனுக்கு ஒரு கைய தொட முடியல. ரக்பில தொடுறதுக்கு லைசென்ஸ் இருக்கு, சோபாவுல இல்ல. இத ஓஸ்மான் எங்கயும் எழுதி விளக்கல, ஆனா அதுக்கு முன்னாடியே நிக் சார்லிக்கு டேக்கிள் பண்ண சொல்லிக் குடுக்குற சீன வச்சிருக்காங்க, சார்லி பயந்து பயந்து மோதுறான், ரெண்டு பேரும் புல்லுல உருள்றாங்க, சிரிக்குறாங்க. ரெண்டையும் மனசுல சேர்த்து வச்சு பாருங்க, அப்ப தெரியும் வேலைப்பாடு.

அப்புறம் அந்த ராத்திரி. நிக் லேப்டாப்ப திறந்து நான் கேயான்னு தேடுறான், ஏதோ ஒரு குவிஸ் வருது, அதையும் போட்டு பார்க்குறான். பெரிய காமெடியா தெரியும், ஆனா ஜுரம் வந்தா டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி கூகுள்ல கேக்குற தலைமுறை இது, இதுக்கும் அங்கதான் போவான். சின்ன மூஞ்சி, நீல வெளிச்சம், வீடே தூங்குது. இத பார்த்தப்ப எனக்கு சிரிப்பு வரல.

தேடித் தேடி அவன் கண்டுபுடிக்குறது கடைசில பைங்குற வார்த்தை. பொண்ணுங்களையும் புடிச்சிருந்துச்சு, இப்ப சார்லியையும் புடிச்சிருக்கு. இத பல பேரு கேள்விப்பட்டு 'கே ஸ்போர்ட்ஸ்மேன் கதை'ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுறாங்க, கதைக்குள்ளயே ஆளுங்க நிக்க அப்படித்தான் சொல்றாங்க, அவன் பொறுமையா திருத்திக்கிட்டே இருக்கான், மூணாவது பாகத்துல அவன் அண்ணன் டேவிட்டு இத வச்சே நோண்டுறான், ஒழுங்கா கேன்னு ஒத்துக்கோயேன்னு. அந்த அண்ணன் கேரக்டர பார்த்தா நாலு சாத்தணும்னு தோணும். நம்ம பக்கம் வார்த்தையே பெரிய பிரச்சனையா இருந்துச்சு, பேப்பர்காரங்க ரொம்ப நாள் எழுதுன அந்த பழைய சொல்லுல ஆளே இல்ல, செயல் மட்டும்தான் இருந்துச்சு, ஏதோ போலீஸ் கேஸ் மாதிரி. சென்னை ஹைகோர்ட் தலையிட்டு 2022ல தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியல் வெளியிட்டதுக்கு அப்புறம்தான் கொஞ்சம் மரியாதையா எழுத ஆரம்பிச்சாங்க. தன்பால் ஈர்ப்பு, இருபால் ஈர்ப்புன்னு எழுதினா புரியுது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பையன் அத டைப் பண்ணி தேடுவானான்னு கேட்டா அவன் கேன்னுதான் டைப் பண்ணுவான்.

இப்ப நான் சொல்ல வந்த மெயின் மேட்டர். இந்த மாதிரி கதைங்கள்ல நான் எதிர்பார்த்தது என்னன்னா, கடைசில ஃபைனல் மேட்ச், ஹாஃப் டைம், ஹீரோ எழுந்து நின்னு நான் இப்படித்தான்னு கத்துவான், எல்லாரும் கை தட்டுவாங்க, ஜெயிப்பாங்க. இங்க அது இல்லவே இல்ல. நிக் ஒவ்வொரு ஆளா சொல்றான். முதல்ல சார்லிக்கு, அதுவும் வாயால இல்ல. அப்புறம் டாரா, டார்சின்னு பக்கத்து பொண்ணுங்க ஸ்கூல்ல ஒரு ஜோடி, அவங்களே அப்படித்தாங்குறதால அங்க சொல்றது சுலபம். அப்புறம் அம்மா. சார்லியோட ஃப்ரெண்டு பசங்களுக்கு அப்புறம் மெதுவா. ஒவ்வொரு தடவையும் வாய் வறண்டு போகுது, ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பொண்ணு பார்த்துட்டு வந்த விஷயத்த எந்த வீட்டுக்கு முதல்ல சொல்றது, யாருக்கு தெரிஞ்சா யாரு கோச்சுக்குவா, எந்த சித்தப்பாவுக்கு சொன்னா ஊருக்கே தெரியும்னு நம்ம வீட்டுல ஒரு கணக்கு போடுவாங்க பாருங்க, அந்த கணக்க ஒரு பதினாறு வயசு பையன் தனியா போடுறான். யாருக்கு, எப்ப, எந்த வரிசைல. இந்த வரிசைய இவ்வளவு அக்கறையா பார்த்து எழுதுனதுதான் இந்த புக்கோட பெரிய பலம்னு நான் நினைக்குறேன்.

ரெண்டாவது பாகத்தோட கடைசில அம்மாகிட்ட சொல்ற இடம். பெரிய செட்டப்பு எதுவும் கிடையாது, வீடு, நாய், அம்மா. நாய் பேரு நெல்லி, கதைல எனக்கு ரொம்ப புடிச்ச கேரக்டர், சும்மா சொல்லல. சார்லி வெறும் ஃப்ரெண்டு இல்லன்னு நிக் சொல்றான், அம்மா கட்டிப் புடிச்சுக்குறாங்க, என்கிட்ட சொல்ல முடியாதுன்னு நினைக்குற மாதிரி நான் எப்பவாவது நடந்திருந்தா மன்னிச்சுருப்பாங்குற அர்த்தத்துல ஒண்ணு சொல்றாங்க. பிள்ள மன்னிப்பு கேட்டு அம்மா மன்னிக்குறதுதான் நாம பார்த்த சீன், இங்க தலைகீழ். என் அக்கா இத எட்டிப் பார்த்துட்டு "இப்படி எந்த அம்மா பேசுவா"ன்னா, அக்கா பொண்ணு பட்டுனு "நீ பேச மாட்டியா"ன்னு கேட்டா. ரூம்ல கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்புறம் அக்கா தோசை ஊத்தணும்னு எழுந்து போயிட்டா.

சரி, குறை. நான் ஆடுனவன்ங்குறதால இது எனக்கு உறுத்துது, மத்தவங்களுக்கு தெரியாம கூட போகலாம். ரக்பி இந்த கதைல வெறும் செட்டு. முதல் பாகத்துல கொஞ்சம் சேறு, கொஞ்சம் பிராக்டிஸ், ஒரு டேக்கிள், அதுக்கு அப்புறம் மைதானம் மெல்ல மறைஞ்சு போகுது. ரெண்டாவதுல டீம் பசங்களோட சினிமாவுக்கு போறாங்க, அதுல ஹேரின்னு ஒருத்தன் சார்லிய அசிங்கமா பேசுறான், நிக் கை வைக்குறான், நல்ல சீன்தான். ஆனா அதுக்கு அடுத்த நாள் பிராக்டிஸ் எப்படி இருந்துச்சு? அதான் எனக்கு தெரியணும். ஒரே டீம்ல ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டா மறுநாள் பாஸ் வருமா? ஸ்க்ரம்ல தோளோட தோள் கோத்து நிக்கணும், யாரு பக்கத்துல நிப்பா? டிரெஸ்ஸிங் ரூம்ல யாரு பேச்ச நிறுத்துனா? எங்க டீம்ல ஒருத்தன் மேல கோவம்னா வாயால சொல்ல மாட்டாங்க, அவனுக்கு பால் வராது, அவன் ஃப்ரீயா நிப்பான், கைய தூக்குவான், பால் வேற பக்கம் போகும். ஆட்டக்காரனுக்கு அத விட பெரிய தண்டனை கிடையாது. அது இந்த புக்குல வரவே இல்ல.

மூணாவது பாகத்துல பாரிஸ் டூர், நாலாவதுல சார்லியோட சாப்பாட்டு பிரச்சனை, அஞ்சாவதுல நிக் எந்த யூனிவர்சிட்டி போறதுன்னு ஊர் ஊரா சுத்துறது. நாலாவது பாகம் கனமானது, சார்லி சாப்பிட முடியாம போறதும் ஆஸ்பத்திரியும் வருது, காதல் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு பொய் சொல்லாம ட்ரீட்மென்ட் வேணும்னு சொல்றாங்க, அதுக்கு ஒரு சல்யூட். ஆனா நிக் ஒரு ஸ்போர்ட்ஸ்மேன்ங்குறது அங்க ஏறக்குறைய மறந்தே போச்சு.

நெசத்துல நடந்தத பார்த்தா எவ்வளவு கதை அந்த மைதானத்துக்குள்ள இருக்குன்னு தெரியும். வேல்ஸ் ரக்பி கேப்டன் கேரத் தாமஸ், நாட்டுக்காக 100 மேட்ச் ஆடுன ஆளு, தான் கேன்னு முதல்ல மனைவிகிட்ட சொன்னாரு, கல்யாணம் முறிஞ்சுது, 2006ல டிரெஸ்ஸிங் ரூம்ல உடைஞ்சு போய் கோச்கிட்ட சொன்னாரு, கோச் டீம்ல ரெண்டே ரெண்டு பேரு கிட்ட சொல்லி பார்த்துக்கோங்கன்னாரு. ஊருக்கே சொன்னது 2009 டிசம்பர்ல. நடுவுல மூணு வருஷம் அந்த ரெண்டு பேரும் வாய திறக்கல. அந்த ரெண்டு பேர வச்சே ஒரு முழு நாவல் எழுதலாம்.

ஃபுட்பால்ல இன்னும் மோசம். ஜஸ்டின் ஃபாஷானு 1990ல வெளிய சொன்னதுக்கு அப்புறம் பிரிட்டன்ல ஆடிக்கிட்டு இருக்குற ஆம்பள புரொஃபஷனல் பிளேயர் ஒருத்தரும் 32 வருஷம் வாய திறக்கல. 2022 மே மாசம் பிளாக்பூல் டீமோட ஜேக் டேனியல்ஸ் சொன்னான், வயசு 17. நெட்ஃப்ளிக்ஸ்ல இந்த கதை சீரிஸா வந்து அப்ப ஒரு மாசம் கூட ஆகல. அந்த பையன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கல: அம்மாகிட்டயும் அக்காகிட்டயும் சொன்ன மறுநாள் அக்ரிங்டன் கூட மேட்ச், அதுல நாலு கோல் போட்டேன்னான். நாலு கோல்! முதுகுல இருந்து மூட்டைய இறக்குன உடனே கால் எப்படி ஓடும்னு ஆடுன எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு உணர்வுதான் நிக் கதைல வேணும்னு ஏங்குனேன், அம்மாகிட்ட சொல்லிட்டு மறுநாள் கிரவுண்டுல இறங்குறப்ப அவன் உடம்பு எப்படி இருந்துச்சு, பால் கைல எப்படி ஒட்டுச்சு. ஓஸ்மான் உள்ளங்கைக்கு நடுவுல பொறிய வரைய தெரிஞ்சவங்க, இத வரைஞ்சிருந்தா எங்கயோ போயிருக்கும்.

நம்ம நாட்டுல டூட்டி சந்த் 2019 மே மாசம் ஒரு பொண்ணோட உறவுல இருக்கேன்னு வெளிப்படையா சொன்னாங்க, வீட்டுக்குள்ள எதிர்ப்பு இருந்துச்சுன்னு அவங்களே பேசினாங்க, அதே ஜூலைல இத்தாலில நடந்த உலக யூனிவர்சிட்டி கேம்ஸ்ல 100 மீட்டர்ல தங்கம் அடிச்சாங்க. அவங்க ஓட்டத்த யூட்யூப்ல போட்டு பாருங்க, ஸ்டார்ட்ட மட்டும் பாருங்க போதும்.

சீரிஸ் பத்தி ரெண்டு வார்த்தை. 2022 ஏப்ரல்ல வந்துச்சு, கிட் கானர் நிக்கா, ஜோ லாக் சார்லியா, அம்மாவா ஒலிவியா கோல்மன், அந்தம்மா மூஞ்ச பார்த்தாலே பாதி சீன் முடிஞ்சுது. கைக்கு நடுவுல பறக்குற பொறிய அதுலயும் அப்படியே படத்து மேல வரைஞ்சு காட்டுவாங்க. நல்லா இருக்கு, ஆனா புக்குல இருக்குற அமைதி அதுல இல்ல, பாட்டு போட்டே நிரப்பிடுறாங்க. இதுல கொடுமை என்னன்னா, சொல்றதும் சொல்லாததும் அவனவன் இஷ்டம்னு கதை முழுக்க சொல்லியும், நிக்கா நடிச்ச பையன இணையத்துல விரட்டி விரட்டி நீ யாருன்னு சொல்லுன்னு நெருக்கி, அவன் 2022 அக்டோபர் கடைசில நான் பைதான், 18 வயசு பையன கட்டாயப்படுத்தி சொல்ல வச்சதுக்கு வாழ்த்துகள், உங்கள்ல சில பேருக்கு இந்த சீரிஸே புரியலன்னு நினைக்குறேன்ங்குற மாதிரி எழுதிட்டான். செருப்படி. ரசிகர்கள்தான் இத பண்ணாங்க, எதிரிங்க இல்ல.

எதிரிங்க வேற பண்ணாங்க. ஹங்கேரில 2023ல ஒரு பெரிய புத்தகக் கடைக்கு 1.2 கோடி ஃபோரிண்ட் அபராதம், இந்த புக்க கவர் போட்டு சீல் வைக்காம பசங்க புக்கு இருக்குற பக்கம் வச்சதுக்கு. இதுல பெரும்பாலும் வர்றது முத்தம்தான், ஒரு முத்தத்துக்கு நம்ம டிவி சீரியல் அரை எபிசோட் ஸ்லோ மோஷன் போடும். இங்கிலாந்தும் யோக்கியம் இல்ல, 1988ல இருந்து 2003 வரைக்கும் செக்‌ஷன் 28னு ஒரு சட்டம் வச்சு ஸ்கூல்ல இத பத்தி பேசவே டீச்சருங்க பயப்படுற மாதிரி பண்ணாங்க. அதாவது ஓஸ்மான் சின்ன கிளாஸ் படிக்குற காலத்துல கூட அது அமல்ல இருந்துச்சு. அத தெரிஞ்சுக்கிட்டு படிச்சா இந்த கதை ஏன் இவ்வளவு இனிப்பா, எல்லாரும் இவ்வளவு நல்லவங்களா இருக்காங்கன்னு ஓரளவு புரியுது. இனிப்பு கொஞ்சம் ஜாஸ்திதான், மூணாவது பாகத்துல சாரி சாரின்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சொல்றத எண்ண ஆரம்பிச்சு விட்டுட்டேன். சார்லிக்கு சாரி ஒரு வியாதி மாதிரி, அது கதைல காரணத்தோடதான் இருக்கு, ஆனாலும்.

எந்த வயசுக்குன்னு அக்கா கேட்டா. பதிமூணு பதினாலுக்கு மேல தாராளமா குடுக்கலாம், நாலாவது பாகம் மட்டும் சாப்பாடு, தன்ன காயப்படுத்திக்குறது சம்பந்தப்பட்டதுங்குறதால கூட ஒரு பெரியவங்க படிச்சிருந்தா நல்லது. இங்கிலீஷ் சுலபமா இருக்கும், பாதி பக்கத்துல வார்த்தையே கிடையாது. காசு போடாம பார்க்கணும்னா ஓஸ்மான் ஆரம்பத்துல இருந்து போட்ட அதே பக்கங்கள் இணையத்துல இலவசமா கிடக்கு, போன்ல தள்ளித் தள்ளி படிக்கலாம். ஆனா அந்த கைப் பக்கத்த போன்ல பார்க்குறதுக்கும் புக்க விரிச்சு வச்சு பார்க்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு, முடிஞ்சா வாங்குங்க.

வாங்குறப்ப உஷார். நான் ரெண்டாவது பாகத்த ஒரு ஆன்லைன் விற்பனைக்காரர்கிட்ட பாதி விலைக்கு கிடைக்குதேன்னு பேராசைல ஆர்டர் பண்ணேன். வந்துச்சு, அட்டை ஒரு பளபளப்பு, கல்யாண ஆல்பம் மாதிரி. உள்ள திறந்தா ஜெராக்ஸ். ஒரிஜினல்ல கறுப்பு வெள்ளைலயே சாம்பல் நிறத்துல எத்தனையோ அடுக்கு இருக்கும், கன்னம் சிவக்குறத கூட அதுலதான் காட்டுவாங்க, இங்க எல்லாம் அப்பிப் போய் நிக்குக்கு மீசை வச்ச மாதிரி இருக்கு. ஓஸ்மான் பக்க ஓரத்துல இலை பறக்க விடுவாங்க, அது வெறும் கறையா தெரியுது. 61லேர்ந்து நேரா 78க்கு தாவுது வேற. திருப்பி எடுத்துக்கோன்னு கேட்டா புக்க பிரிச்சுட்டீங்களே சார்ங்குறான், பிரிக்காம எப்படிடா ஜெராக்ஸுன்னு தெரியும்? அப்புறம் நேர்ல ஒரு கடைல போய் பக்கத்த புரட்டி பார்த்து முழு விலை குடுத்து வாங்குனேன். நீங்களும் நடுப்பக்கத்த திறந்து மூஞ்சி தெளிவா இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

முதல் ரெண்டு பாகத்துக்கு அஞ்சுக்கு நாலரை போடுவேன், மூணுக்கு மூணு, நாலுக்கு நாலு, அஞ்சாவதுக்கு மூணரை. ஒண்ணு மட்டும் வாங்குறேன்னு போகாதீங்க, ஒண்ணு முடியுற இடத்துல நீங்க சும்மா இருக்க மாட்டீங்க, எங்க முடியுதுன்னு நான் சொல்லவும் மாட்டேன், ஒண்ணும் ரெண்டும் சேர்த்தே வாங்கிருங்க. அந்த ஜெராக்ஸ் காப்பிய அக்கா வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். போன வாரம் போனப்ப அது டிவி ஸ்டாண்டு மேல கிடந்துச்சு, நடுவுல மளிகைக் கடை பில்லு சொருகியிருந்துச்சு. அக்கா பொண்ணு எந்த புக்குலயும் அடையாளம் வைக்க மாட்டா, மூலைய மடிச்சு விடுற ஜாதி. பில்லு இருந்தது அம்மா பக்கத்துக்கு கொஞ்சம் முன்னாடி.